மாதையன் முகத்தை நான் மறைத்தேன்

மைசூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பில் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளிகள் டாக்டரிடம் கோபித்துக்கொள்வார்கள், நர்ஸிடம் கோபித்துக்கொள்வார்கள். லேப்காரனிடம் கோபித்துக்கொண்டவர் ஒருவர்தான். அந்தக் கோபம் நியாயமானது.

மனநோய் என்றாலே மாணவர்கள் ஒதுங்கினார்கள். அதைப் போக்க மனநலத் துறை மேடம் ஒரு கம்ப்யூட்டர் பாடம் தயாரித்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கும் ஒருவர் வீடியோவில் பேசுவார். பார்த்து முடித்ததும் மாணவர்கள் பெயர் போடாமல் கேள்வி டைப் செய்யலாம்.

பேசியவர் மாதையன். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், நஞ்சன்கூடு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. ஒருமுறை வயிற்றுவலி என்று எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மனநோய் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததுமே, "எல்லாம் மனசுதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடல்வால் வெடித்து, ஆபரேஷனில் பிழைத்தார். இனி எந்த டாக்டரும் அப்படி அனுப்பக் கூடாது என்றுதான் பேச வந்தார். முகம் காட்டச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், நாலு பேர் பார்ப்பார்களே என்று, யாரையும் கேட்காமல் முகத்துக்கு ப்ளர் போட்டேன். மேடமோ அதைக் கல்லூரி விதி என்று நினைத்துவிட்டார்.

முதல் பேட்ச் பார்த்தது. வந்த கேள்விகள்: "இவர் யாரையாவது அடித்திருக்கிறாரா?" "வெளியே விடலாமா?"

அந்த வாரம் மாத்திரை வாங்க வந்த மாதையன் வீடியோவைப் பார்க்க ஆசைப்பட்டார். போட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க, நான் என்னத்தத் திருடுனனுங்க? டிவில திருடனத்தான இப்படிக் காட்டுவாங்க?"

"உங்க நல்லதுக்குத்தான் போட்டேன், மாதையன்."

"எனக்கு வெக்கமில்லீங்க. உங்களுக்குத்தான் வெக்கமா இருக்குதாட்டங்க."

எனக்குச் சுருக்கென்றது. மாணவர்களுக்குத்தான் பாடம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"ப்ளரை இப்பவே எடுத்துடுங்க சார்" என்றார்.

இரண்டாவது பேட்ச் மாதையன் முகத்தைப் பார்த்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்த இடத்தில் லேப்பே சிரித்தது. பழைய மாதிரிக் கேள்விகள் ஒன்றிரண்டு வரத்தான் செய்தன. ஆனால், "நைட் ஷிஃப்ட் நாளில் மாத்திரை எப்போது போடுவார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், "ஆபரேஷன் செய்த இடம் இன்னும் வலிக்கிறதா?" என்று.

சந்தோஷம் தாங்காமல் மாதையனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"வலியில்லீங்கன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க. என் பேரையும் சொல்லுங்க."

லேப் வேலைக்கு வரும் இளையவர்களே, ஒருவர் மேல் இரக்கப்படுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

கேட்ட மாணவர் யாரென்று தெரியாது. அதனால் மறுநாள் காலை லேப் போர்டில் பெரிதாக எழுதினேன்: "இப்போது வலி இல்லை. இப்படிக்கு, மாதையன்."