தாயத்தில் இருந்த கொடி

என் மகளுக்கு இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். நுரையீரல் வளரவில்லையாம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

மாப்பிள்ளை செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். தொப்புள்கொடியில் இருக்கும் ஸ்டெம் செல்லை ஏற்றினால் குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் தேறிவிடும் என்று அதில் சொன்னார்களாம். மகள் மாசமாக இருந்தபோதே, கொடியைப் பத்திரப்படுத்தும் கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து பேசினாள். மகள்தான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

"கொடிக்கு எங்கிட்டுப் போகணும்? மூத்தவ இடுப்புலதான் கெடக்குல்ல!" என்றார் சம்பந்தியம்மாள்.

பிள்ளைக்கு விழுந்த கொடியைக் காயவைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது எங்கள் வழக்கம். தீராத நோய் வந்தால் உரைத்துக் கொடுக்கலாம் என்பார்கள். மூத்த பிள்ளை கத்தக் கத்த அதை அறுத்து என் கையில் கொடுத்தார்.

டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். தாயத்தை மேசைமேல் வைத்தேன். மாப்பிள்ளைதான் விவரம் சொன்னார். அந்தம்மா சிரிக்கவில்லை.

"காஞ்சு போனதுல உயிரு இருக்காதும்மா. இவன் கொடியையே எடுத்து வச்சிருந்தாலும் நான் போட்டிருக்க முடியாது. அந்த வைத்தியத்த இன்னும் சோதிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க மக மேல தப்பே இல்ல, அவகிட்டச் சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையாட்டினார்.

பிள்ளை தங்கவில்லை.

மகளிடம் சொன்னேன். "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்ற," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் புருஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவர் சொல்லவில்லை.

போன மாதம் திருவாதவூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் யாரோ துக்கம் கேட்க, சம்பந்தியம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் கொடிய மட்டும் எடுத்து வச்சிருந்தா எம்பேரன் இந்நேரம் தவந்துக்கிட்டுத் திரிவான். மகராசி, வேணாம்னுட்டாளே!"

என் மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். இருந்தும், "அப்பிடி இல்ல மதினி, டாக்டரம்மா என்ன சொன்னாகன்னா..." என்று எடுத்தேன்.

"நீங்க எத்தனாங் கிளாசு படிச்சீக மதினி?"

பந்தியே சிரித்தது. டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட இன்னொருவர் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மகளும் அவரைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளை நிமிரவே இல்லை. சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்து, ரசம் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டார்.