கொஞ்சம் கதவோரம் வாங்க

ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவரை அந்தக் குடியிருப்பில் நேரில் பார்த்தால் ‘டிக்கெட் சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் ‘டிக்கெட்’. வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சீட்டில்லாத ஆளை இருக்கையில் வைத்து அதட்ட மாட்டார். அதட்டினால் பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் வக்கீலாகிவிடுவார்கள். “கொஞ்சம் கதவோரம் வாங்க” என்பார், மெதுவாக. கதவோரம் தனியாக நின்ற யாரும் அதிக நேரம் வாதாடியதில்லை.

இப்போது அவருடைய பயணமெல்லாம் படுக்கையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத்தான். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். மகள் வேறு ஊரில். கட்டில் கம்பியில் கைபேசியை மாட்டிக் கொடுத்தது மகள்தான். பறித்துவிடுவதாக மிரட்டுவதும் அவள்தான். விளம்பரத்தை நம்பி வலி போக்கும் பெல்ட் வாங்கி அவர் ஏமாந்த அன்றே சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா போனும் கிடையாது, தனி வீடும் கிடையாது. மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்.” மருமகன் வீட்டு நடுக்கூடத்தில், போகிற வருகிறவர்கள் பார்க்கப் படுத்துக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த அழைப்பு காலைக் கஞ்சிக்குப் பிறகு வந்தது. திரையில் தொப்பியும் சீருடையுமாக ஒருவன். அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறதாம்; விசாரணை முடியும் வரை லைனைத் துண்டிக்கக் கூடாதாம்.

“அறைக் கதவைச் சாத்துங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முகம் கேமராவுல தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அசையாதீங்க.”

அசைய முடிந்தால் அவர் ஏன் அப்படிக் கிடக்கிறார்? ஆனாலும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். அதிகாரி முன்னால் பனியனோடு இருக்க முடியுமா? பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்.

பயந்த மனிதருக்கு அறிவு எங்கேயும் ஓடிவிடுவதில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதிலேயே அது மும்முரமாகிவிடுகிறது. கேட்பவன் யார் என்று பார்க்க அதற்கு நேரமில்லை. அவன் அடுத்தடுத்துக் கேட்டான், இவர் சொன்னார். கணக்கு எண்ணைச் சொன்னார். தலையணைக்கு அடியிலிருந்த கார்டை எடுத்து, முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் படித்தார்.

கதவு திறந்தது. “ஐயா, திருப்பிப் படுக்க வைக்கணும்.”

அவர் கண்ணால் போ போ என்றார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் முதுகு புண்ணாகும் என்பது அவள் படித்த படிப்பு. முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, ஒரே புரட்டாகச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“யாரது உள்ளே? முகத்தைக் காட்டுங்க!” என்று கைபேசி கத்தியது.

“இப்ப முதுகுதான் சார். துடைச்சுட்டுக் காட்டறேன்” என்றாள் அவள்.

சுவரில் தொப்பியும் இல்லை, சீருடையும் இல்லை. வெளிறிப்போன சுண்ணாம்பு மட்டும். ஈரத்துணி முதுகில் சில்லென்று ஓடியது. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: “வெளியே போகச் சொல்லுங்க! தனியாத்தான் பேசணும்!”

தனியாக. கதவைச் சாத்திவிட்டு. டிக்கெட் சாருக்கு அந்த ரயில் கதவு ஞாபகம் வந்தது. ‘நம்மையே கதவோரம் கூட்டிக்கிட்டுப் போறானே!’

“ஏம்மா, இவரு போலீசாம்” என்றார் சுவரைப் பார்த்தபடியே. “என் பேர்ல பார்சல் வந்திருக்காம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்.”

“அதான் சொல்லிட்டீங்களே. இப்ப என்ன பண்ணுவாராம்?”

“எந்த ஸ்டேஷன் சார் நீங்க?” என்று அவர் குரலை உயர்த்தினார். “வையுங்க. நம்பரை நானே தேடி, நானே கூப்பிடறேன்.”

“யோவ், வச்சா அரெஸ்ட் பண்ணுவோம்யா!”

“வந்து பண்ணுங்க. எழுந்து நடக்க வச்சா எனக்கும் லாபம்தான்” என்றார் அவர். அவள் கை நீட்டி லைனைத் துண்டித்தாள்.

அதோடு முடியவில்லை. கார்டு எண் போய்விட்டது. கார்டை நிறுத்துவதற்கான வங்கிச் செயலி மகளின் கைபேசியில்தான் இருந்தது.

“உங்க பொண்ணுகிட்ட நான் சொல்லட்டுமா?” என்றாள் அந்தப் பெண்.

பேசாமல் இருந்தால் தனி வீடு மிஞ்சலாம். கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. எவனோ ஒருவன் சொன்ன ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்பதை அவன் போன பிறகும் தானே காப்பாற்றிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

“நீ சொன்னா நான் மறைச்ச மாதிரி ஆயிடும். போனைக் கொடு.”

மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். “கார்டை நிறுத்தறேன்பா. லைன்லயே இருங்க.”

“இன்னைக்கு அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே, தாயே.”

பணம் போகவில்லை. “எப்படிப்பா நம்புனீங்க?” என்றாள் மகள்.

“தொப்பி போட்டிருந்தான்மா.”

அவள் சிரிக்கவில்லை. “சரி, நீங்களே கூப்பிட்டுச் சொன்னீங்க. போன் இருக்கட்டும், வீடும் இருக்கட்டும். ஆனா கதவைச் சாத்திட்டுப் பேசக் கூடாது.”

அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகவும் அவசரம் என்றும் ஒரு குரல். டிக்கெட் சார் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்:

“ஏம்மா, இங்க ஒருத்தர் ரகசியம் பேசணுங்கறாரு. சீக்கிரம் வா, சேர்ந்து கேட்போம்.”