ஆறடி ஜெயரூபனின் வெள்ளைச் சப்பாத்து

அய்யாவு அண்ணனின் இடது கை துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. வலது கை சப்பாத்தைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, சப்பாத்தின் மேல் விழுந்து கிடந்தது என்று சொல்லலாம். பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சியாக இருக்கட்டுமென்று ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை அவர் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கொடுத்துவிட்டார். காலில் போடும் அந்த வெள்ளைச் சப்பாத்து என்றால் மட்டும் கை கொஞ்சம் மடங்கும். எனக்கு விரல் மடங்கினால் போதும். எதைப் பிடித்து மடங்குகிறது என்பது அவர் பாடு.

எங்கள் ஊர் செர்டாங்கில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது லாரிக்காக அல்ல, ஏலத்துக்காக. சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும், கடைசி நாள் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழத்தையும் அம்மனுக்குச் சாத்திய சேலையையும் ஏலம் கூவ அவர்தான் போக வேண்டும். சந்தையில் ஐம்பது சென்னுக்கு, அதாவது அரை ரிங்கிட்டுக்கு, விற்கும் பழத்தை ஆயிரம் ரிங்கிட்டுக்கு ஏற்றிவிட்டு, எடுத்தவரையே தனக்கு நன்றி சொல்ல வைப்பார். எடுத்தவர் பணத்தை அன்றே கட்ட வேண்டியதில்லை. அடுத்த வருஷத் திருவிழாவில் கட்டினால் போதும். அதனால் எல்லோருக்கும் அன்றைக்குத் தாராள மனசு.

பக்கவாதம் வந்த பிறகு பேச்சு குறைந்துபோனது. ஒரு சொல், நெடுநேரம் தேடல், இன்னொரு சொல். பெண்டாட்டி இல்லை. மகள் சாந்தினி கூலிமில் தொழிற்சாலை வேலை. பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. முதுகும் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வீட்டுக் குளியலறைக்குக் கதவு குறுகல், வாசலில் ஒரு படி வேறு. சக்கர நாற்காலி உள்ளே போகாது. தினமும் அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கதவை இடித்துப் பெரிதாக்க சாந்தினியிடம் பணமில்லை.

இனி சப்பாத்து. ஜெயரூபன் என்ற நடிகர் எங்கள் காலத்தில் பெரிய ஆள். ஆறடி உயரம் என்று பெயர். செர்டாங்கில் இருக்கும் மன்றத்துக்கே ‘ஆறடி ஜெயரூபன் ரசிகர் மன்றம்’ என்றுதான் பலகை. எண்பதுகளில் அவர் சுங்கை பட்டாணிக்குக் கலைநிகழ்ச்சிக்கு வந்தபோது, தோட்டத்துக் காரில், எங்கள் பேச்சில் காடியில், அவரை ஏற்றிப்போனது அய்யாவு அண்ணன். அன்று கழற்றிய சப்பாத்து இது. கண்ணாடி அலமாரியில் அம்மன் படத்துக்கு அடுத்த தட்டில் இருக்கும். உள்ளே பழைய நாளிதழைத் திணித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருப்பார். யாரும் பார்க்கலாம், தொடலாம், கும்பிடலாம். உள்ளே விரல் விட்டால் மட்டும் கத்துவார்.

ஜெயரூபன் போன வருஷம் இறந்தார். அவருடைய சாமான்களைச் சென்னையில் ஏலம் விட்டார்கள். அந்தச் செய்தியைச் சாந்தினி ஒரு நாள் காலை கைப்பேசியில் படித்தாள்.

“அப்பா, இங்க பாருங்களேன். கறுப்புக் கண்ணாடி ஒம்பது லட்சம் ரூபா. சீப்பு ரெண்டு லட்சம், மூணு முடி ஒட்டியிருக்காம்! பவுடர் டின் எம்பதாயிரம். அதுவும் பாதி காலி!”

“யார்... கூவுனது?” என்றார் அய்யாவு அண்ணன்.

“அதா முக்கியம்? நம்ம வீட்ல சப்பாத்தே இருக்கு. வித்தா பாத்ரூமை இடிச்சிக் கட்டிறலாம். காஞ்சனா ஆன்ட்டி இடுப்பும் தப்பிக்கும்.”

“என் இடுப்பை இதுல இழுக்காதே,” என்றேன். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோலாலம்பூரில் இப்படிப்பட்ட பொருள்களை வாங்கி விற்கும் புவனேசன் என்பவரைச் சாந்தினி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அய்யாவு அண்ணன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதற்கு முந்திய நாள் மத்தியானம், சாந்தினி வேலைக்குப் போன பிறகு, என்னைக் கூப்பிட்டார்.

“கதவு... சாத்துங்க. கத்தி.”

கத்தியைக் கொடுத்தேன். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்து, நாளிதழை உருவி, கத்தியை உள்ளே விட்டு நெம்பினார். ஒரு தக்கைக் கட்டை வந்தது. குதிகால் பக்கம் மூன்று விரல் தடிப்பு, நுனிக்கு வர வர மெலிந்து சாய்வாக இருந்தது. மற்றதிலிருந்தும் ஒன்று. நான் பார்த்தவுடனே புரிந்துகொண்டேன். உயரம் கூட்டும் கட்டை.

அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துச் சொல்கிறேன். அன்றைக்கு ஜெயரூபன் வழியில் ஒரு தோட்டத்துக் கோயிலில் இறங்கினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும், அய்யாவு அண்ணனின் தோள் அளவுக்குத்தான் இருந்தார். பார்த்தவர் இவர் ஒருவர்தான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நடிகரைப் பின்பக்கமாகக் கூட்டிவந்து காடியில் ஏற்றி ஓட்டிவிட்டார். காடியில் வேறு ஜோடி சப்பாத்து தயாராக இருந்தது. சாயங்காலம் கோயில் வாசலில் கிடந்த இந்த ஜோடியை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “நீயே வச்சுக்க. உள்ளே இருக்கறத மட்டும் யாருக்கும் காட்டாதே,” என்று சொல்லிக் கையைப் பிடித்தாராம்.

“சத்தியம்... பண்ணேன்,” என்றார். “குப்பையில... போடுங்க.”

நல்ல தக்கை. குப்பையில் போட மனம் வரவில்லை. படுத்தால் அவருக்குச் சோறு எதுக்களித்துக்கொண்டு வரும். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமென்று பல நாளாகச் செங்கல் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்து இரண்டு இரும்புக் கால்களுக்கடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். கால் தக்கையில் பதிந்து ஆடாமல் நின்றது. அன்றிரவு அவர் இருமவே இல்லையென்று சாந்தினி மறுநாள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

“தலைமாட்ல... தலைவர்.”

ஞாயிற்றுக்கிழமை புவனேசன் வருவதற்கு முன்னாலேயே மன்றத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆணி, சிமெண்டு விற்கும் வன்பொருள் கடை வைத்திருக்கும் மணியம்தான் மன்றத் தலைவர். தோசைக் கடை அம்சவள்ளி மகளிர் அணி. மகளிர் அணியில் மிச்சமிருப்பதும் அவள் ஒருத்திதான். கூட நாலைந்து பேர். நாற்காலிகளையெல்லாம் அவர்களே பிடித்துக்கொண்டதால், கோலாலம்பூர்க்காரருக்குக் கட்டிலில்தான் இடம் கிடைத்தது. தலைப்பக்கமாக உட்கார்ந்தார்.

வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். டார்ச் அடித்துத் தையலைப் பார்த்தார். நாளிதழை எடுத்துவிட்டு உள்ளே விரலை விட்டார். அய்யாவு அண்ணன் கத்தவில்லை. புவனேசனின் முகம் தொங்கியது.

“மன்னிக்கணும். இது ஜெயரூபன் சப்பாத்து இல்ல.”

“என்னா தம்பி சொல்றீங்க?” மணியம் எழுந்துவிட்டார். “நாப்பது வருஷமா நாங்க கும்பிடுறோம்லா!”

“அவரோட எல்லாச் சப்பாத்துலயும் உள்ள தக்கை இருக்கும், அங்கிள். சென்னையில வித்த ஜோடியிலயும் இருந்திச்சி. இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். அவரு அஞ்சடி மூணு அங்குலம்.”

அந்த வீட்டில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அம்சவள்ளிதான் முதலில்.

“யாருடா அஞ்சடி? அவரு கையைப் பிடிச்சிக் குலுக்குனவ நான்! அண்ணாந்துதான் பார்த்தேன்!”

“நீ இருக்கற உசரத்துக்கு யாரப் பார்த்தாலும் அண்ணாந்துதான் பார்க்கணும்,” என்றார் மணியம்.

“அண்ணே, நீங்க யார் பக்கம்?”

புவனேசன் அவர்களைக் கவனிக்கவில்லை. மறுபடியும் டார்ச் அடித்தார். “இருங்க. இங்க பசை ஒட்டுன தடம் தெரியுது. தக்கை இருந்து எடுத்திருக்காங்க போல.” அய்யாவு அண்ணனிடம் குனிந்தார். “ஐயா, அந்தத் தக்கை இருந்தா சொல்லுங்க. இருந்தா முப்பதாயிரம் ரிங்கிட், இப்பவே பேங்க்ல போட்டுர்றேன். இல்லன்னா இது யாரோ ஒருத்தரோட பழைய சப்பாத்து. அவ்ளோதான்.”

முப்பதாயிரம் ரிங்கிட்டின் மேல்தான் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் காலை ஆட்டினால் குதிகாலில் இடிக்கும்.

“அப்பா,” என்றாள் சாந்தினி. “தக்கை இருந்திச்சா? நெசமாவே இது அவரு சப்பாத்துதானா? இல்ல, இத்தனை வருஷமா கதை விட்டீங்களா?”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மணியத்தையும் அம்சவள்ளியையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சேலை முந்தானையைச் சரிசெய்தேன். நாம் பார்த்துக்கொள்பவரின் உடம்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். செத்துப்போன நடிகருக்கும் உடம்பு என்று ஒன்று இருந்ததுதானே. தவிர, சத்தியம் அய்யாவு அண்ணனுடையது. உடைப்பதானால் அவர்தான் உடைக்க வேண்டும்.

“இல்ல,” என்றார் அய்யாவு அண்ணன். “தக்கை... இல்ல.”

சாந்தினியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா புளுகர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் தலையைக் குனியவில்லை.

புவனேசன் கையுறையைக் கழற்றினார். “பரவால்ல, இவ்ளோ தூரம் வந்திட்டேன். மேடை நாடகத்துக்கு ஆகும். அம்பது ரிங்கிட் தர்றேன்.”

அங்கேதான் அவர் தப்புச் செய்தார். புளுகர் என்ற பெயரைக்கூட அய்யாவு அண்ணன் தாங்கிக்கொண்டார். ஐம்பது ரிங்கிட்டைத் தாங்க முடியவில்லை. இடது கை மேலே எழுந்தது.

“அம்பது ரிங்கிட் ஒரு தரம்! ஐயா பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு டின் மைலோ என்ன விலைன்னு தெரியுமா? தலைவரு காலு பட்ட சப்பாத்து, அம்பது ரிங்கிட்டாம்! கேக்கறவங்க கேளுங்க!”

திக்கல் இல்லை, தேடல் இல்லை. எனக்கு ஆச்சரியமும் இல்லை. பேச்சு போனவர்களுக்குப் பாட்டும் வசவும் பழகிய மந்திரமும் சரளமாக வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவருக்கு ஏலம்.

“நூத்தி ஒன்னு!” என்றாள் அம்சவள்ளி.

“ஐநூத்தி ஒன்னு!” என்றார் மணியம். பிறகு புவனேசன் பக்கம் திரும்பினார். “உள்ள நீங்களே விரல் விட்டுப் பார்த்தீங்கள்ல? தட்டையா இருந்திச்சில்ல? அப்பன்னா தலைவரு ஆறடிதான்! இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?”

“அங்கிள், அதுக்கு அர்த்தம் அது இல்ல...”

“ஆயிரத்து ஒன்னு!”

“பார்த்து, அம்சவள்ளி. தோசை மாவு புளிச்சிறும்.”

“நீங்க உங்க ஆணியை எண்ணுங்கண்ணே. ரெண்டாயிரத்து ஒன்னு!”

அய்யாவு அண்ணன் ஒருவரை முறைத்தார், ஒருவரைக் கெஞ்சினார், நடுவில் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆறாயிரத்து ஒன்றில் அம்சவள்ளி மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். மூன்றாம் தரம் சொல்லி இடது கையால் தொடையைத் தட்டினார். சப்பாத்து மணியத்துக்கு.

“பணம் எப்படி, அங்கிள்? கேஷா?” என்றார் புவனேசன், பாதி மயக்கத்தில்.

“என்னா கேஷு? அடுத்த வருஷம்லா,” என்றார் மணியம். “கோயில் முறை.”

புவனேசன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாந்தினி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் மணியத்தை வாசலில் மறித்தேன்.

“அடுத்த வருஷம் வரைக்கும் இவரைத் தூக்க என்னால ஆகாது. சப்பாத்தை வச்சிட்டுப் போங்க.”

“அக்கா, ஏலம் எடுத்திட்டேன். பேச்சு பேச்சுதான்.”

“உங்க கடையில கதவு இருக்கு, நிலை இருக்கு, சிமெண்டு இருக்கு, ஆளும் இருக்கு. பாத்ரூம் கதவைப் பெரிசாக்கிக் கொடுங்க. அந்தச் செலவை ஏலப் பணத்துல கழிச்சிக்குங்க. ஆறடித் தலைவரு சப்பாத்து வேணுமா, வேணாமா?”

மணியம் சப்பாத்தை ஒரு தரம் பார்த்தார். “எப்ப ஆளை அனுப்பறது?”

“நாளைக்கு.”

மறுநாள் காலை, சாந்தினி வேலைக்குப் போன பிறகு, மணியம் இரண்டு ஆட்களோடு தானே வந்து நின்றார். பழைய நிலையை உடைத்து எடுத்தார்கள். தூசி படாதிருக்கக் கட்டிலை நகர்த்தச் சொன்னேன். தூக்கினார்கள். தக்கைகள் இரண்டும் தரையில் கிடந்தன. அய்யாவு அண்ணன் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னாக்கா இது?” என்று குனிந்து எடுத்தார் மணியம்.

“தக்கை. கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தேன்.”

“சாய்வா நல்லா இருக்கே.” கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிக்குப் பலகை போடணும்ல? இதை அடியில கொடுத்தா சரியா நிக்கும் போல. வேணுமா உங்களுக்கு?”

“போட்டுக்குங்க. கட்டிலுக்குச் செங்கல் ரெண்டு கொண்டுவந்து கொடுங்க.”

மணியம் மண்டிபோட்டுத் தன் கையாலேயே தக்கைகளைப் படியோரம் வைத்து, பலகையை மேலே போட்டு, ஓரத்தில் சிமெண்டு பூசச் சொன்னார். அது இறுகும்வரை பொறுத்திருந்து, நான் நாற்காலியைத் தள்ளினேன். சக்கரம் பலகையில் ஏறும்போது அய்யாவு அண்ணன் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார்.

“எனக்கெதுக்கு அண்ணே கும்பிடெல்லாம்,” என்று கூச்சப்பட்டார் மணியம்.

நான் அய்யாவு அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் தலைக்கு ஊற்றினேன்.