பாய்லருக்கு அடித்த பச்சை

காயலான் கடைக்கு மொபெட்டில் போன ஏசுவடியான் மீன்பாடி வண்டியில் திரும்பி வந்தார். பக்கத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு ரயில் இன்ஜின் சாக்கு விரிப்பில் படுத்திருந்தது. மொபெட்டைக் காணோம்.

"வண்டி எங்க?" என்றாள் மனைவி ரத்னா.

"சுப்பன் கடையில நிக்கு."

"எப்ப வரும்?"

"வராது."

அது 2001. அவர் இருங்காட்டுக்கோட்டை தொழில் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் பாய்லர் அட்டெண்டர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மகள் ஷாரோன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் தரப் பரிசோதனைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இன்ஜின் பொம்மை இல்லை. கரி போட்டு ஆவி ஏற்றினால், பின்னால் சிறு வண்டியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரை இழுக்கும். சென்னையில் யாரோ ஒரு ரயில்வே அதிகாரியின் பழைய பங்களாவை இடித்தபோது வெளியே வந்தது. காயலான் கடைச் சுப்பன் அதைச் செம்புக்காக உடைக்கச் சுத்தியலை எடுத்துவிட்டார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் மாரி நின்னுகினுகீற?" என்று கேட்டாராம். அப்படித்தான் மொபெட் போயிற்று.

"இருபத்தாறு வருசமாத் தீ போடுதேன். ஒரு பாய்லராவது ஒரு அடி நகந்திருக்கா?" என்றார் ஏசுவடியான். "இது நகரும். ஒரே ஒரு தடவ, நான் போட்ட தீயில நான் போவேன்."

"எங்க போவீய?"

"கக்கூஸ் வரைக்கும்."

வாடகை வீட்டுச் சந்து, கக்கூஸ் வரைக்கும் அறுபதடி. பட்டை இரும்பில் தண்டவாளம் போட்டார். ஏழு மாதம் இன்ஜினைப் பிரித்து, துரு எடுத்து, வால்வுகளை உட்கார வைத்தார். கடைசியாகப் பாய்லரைச் சோதித்தார். முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீ. கைப் பம்பால் பத்து கிலோ அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் முன்னால் குந்தியிருந்தார். கேஜ் முள் அசையவில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட லாக் புத்தகத்தில் எழுதினார். அதில் தேதி, அழுத்தம், கசிவு இடம், காரணம், நடவடிக்கை என்று கட்டங்கள் இருந்தன. கசிவு இடம்: இல்லை.

தீயைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று, ஜனவரியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். பத்து நாள்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் எது துருப்பிடித்தாலும் பெயின்ட் ஷாப் கன்வேயரில் ஏற்றிவிடுவார்கள். சைக்கிள், கொடிக் கம்பி, தட்டு ஸ்டாண்டு எல்லாம் கார் பாகங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு போகும். சூப்பர்வைசரின் வீட்டு கேட்டே அப்படித்தான் போய் வந்தது. ஷாரோன் லைன் ஆபரேட்டர் அருள்பாண்டியிடம் இன்ஜினையும் ஏற்றச் சொன்னாள். சேசிஸ், புகைபோக்கி, பாய்லர், எல்லாம் பவுடர் பூசி, அடுப்பில் வெந்து, பச்சையாக வந்தன. அறுபது மைக்ரான். அவளே அளந்தாள். அப்பா திரும்பி வரும்போது ஸ்டூல் மேல் பளபளவென்று இருந்தது.

அவர் பாய்லரைத் தடவிப் பார்த்தார்.

"பவுடர் கோட்டிங்கா பிள்ள?"

"ஆமாப்பா. உரிஞ்சு வரவே வராது."

"அடுப்புல எவ்வளவு நேரம் கெடந்துச்சு?"

"இருபது நிமிஷம்."

"எத்தன டிகிரி?"

"எரநூறு."

"நல்லாருக்கு," என்றார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் பம்பு போட்டார். இரண்டு கிலோவிலேயே பாய்லரின் அடியில் சொட்டியது.

அதன் பிறகு இரண்டரை வருடம் ஒழுகியது. ஒரு மூலையை அடைத்தால் அடுத்த மூலை. பச்சையைச் சுரண்டினார், ஆசிட் ஊற்றிக் கழுவினார், மறுபடி ஈயம் வைத்தார். இடுக்கில் வெந்து உட்கார்ந்த பவுடர் மேல் ஈயம் பிடிக்காமல் உருண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் பம்பு. பம்பு முடிந்தால் கெட்ட கோபம். மகளிடம் மட்டும் காட்டவில்லை.

ஷாரோன்தான் கேட்டாள். "முதல்ல பத்து கிலோ நின்னுச்சுன்னு சொன்னீங்களே, நெஜமாவே நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"உங்க கேஜ் தப்புக் காட்டிருக்கும்ப்பா. என்னைக்காவது கேலிபரேட் பண்ணீங்களா?"

கேஜைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்ச் சோதித்தாள். பிழை இல்லை. "அப்போ நீங்க படிச்சது தப்பு," என்றாள்.

"இருக்கும் பிள்ள. பழைய பாய்லரு. வயசாயிட்டு."

அருள்பாண்டி ஒரு யோசனை சொன்னான். "கம்ப்ரெஸர் வச்சுக் காத்துல ஓட்டிரலாம் மாமா. சும்மா பறக்கும்."

"காத்துல ஓட்ட அது என்ன பஞ்சர் கடையாடே?"

ஒழுகும் பாய்லருக்குத் தீ வைக்கவும் மாட்டார். 2004 ஆகஸ்டில், பகல் ஷிப்டில், பாய்லர் ரூம் நாற்காலியிலேயே மாரடைப்பில் இறந்தார். அறுபதடித் தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து உறவினர்கள் போனபின் ஷாரோன் பாய்லரைக் கவிழ்த்தாள். அவர் சுரண்டாமல் விட்ட ஒரு மூலையில் பச்சைக்குள் சிறு மேடு. கத்தியால் கீறினாள். உள்ளே ஈயச் சொட்டு. உருகி ஓடி, கீழே வந்து உறைந்திருந்தது. சொட்டுக்கு மேல் பவுடர்.

அவளுடைய வேலையில் வரும் பாகங்கள் எல்லாம் வெல்டிங், அடுப்புச் சூடு அவற்றை ஒன்றும் செய்யாது. இந்தப் பாய்லரில் தகடுகளை ரிவெட் பிடித்திருந்தது, தண்ணீரை ஈயப் பற்று பிடித்திருந்தது. ஆவி நூற்று அறுபத்துச் சொச்சம் டிகிரியைத் தாண்டாது. ஈயப் பற்று நூற்று எண்பத்து மூன்றில் உருகும். அடுப்பு இருநூறு. அந்த அடுப்பின் சார்ட்டில் தினமும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

லாக் புத்தகத்தை எடுத்தாள். பாய்லர் ரூமில் காரணக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. அவர் விடவில்லை. முப்பத்தோரு கசிவுகளுக்கும் ஒரே சொல் எழுதியிருந்தார்: தெரியும்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே!" என்று கத்தினாள். "அன்னைக்கே சொல்லிருந்தா புதுசு பண்ணிருப்பேனே! தகடு வளைக்க எங்க கம்பெனிலயே ரோலர் இருக்கே! ரெண்டரை வருஷம்..."

ரத்னா அடுப்படியிலிருந்து வந்தாள். "செத்த மனுசன்ட்டயும் சண்டையா? என்னத்தச் சொல்லல?"

ஷாரோன் புத்தகத்தை நீட்டினாள். ரத்னா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கிட்டயும் சொல்லல," என்றாள்.

ஷாரோன் கடைசியாக ஒருமுறை பம்பு போட்டாள். மூன்று கிலோ, இரண்டு நிமிடம், பின் தகட்டின் கீழ் மூலை. எழுதினாள். காரணம்: பெயின்ட் ஷாப் அடுப்பு, 200 டிகிரி, 20 நிமிடம், ஷாரோன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது. நடவடிக்கை: புதிய பாய்லர்.

பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பழையதைப் பிரிக்க உட்கார்ந்தாள். பன்னிரண்டு அடி அடித்தும் முதல் ரிவெட் அசையவில்லை. அது மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது.