அமராவதி ஊற்றிக் கொடுத்தது

மரக்காணம் உப்பளத்தில் அமராவதி எங்கே நிற்கிறாள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பாத்தியில் சத்தம் அதிகமோ அங்கே நிற்பாள். பதினாலு வயதில் உப்பு வாரும் பலகையைப் பிடித்தவள். 2005-ஆம் வருஷம் அவளுக்கு முப்பத்தேழு. தண்ணீர் குடிக்கப் போன கர்ப்பிணிப் பெண்ணைத் திட்டிய மேஸ்திரியை, வேலையை நிறுத்திவிட்டு நடுவெயிலில் நிற்க வைத்து நியாயம் கேட்டவள். வாய் நீளம்தான். ஆனால் அந்த வாய்க்குப் பயந்துதான் அங்கே பாதி அநியாயம் நடக்காமல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவள் தம்பி பக்கிரி அவளுக்கு எட்டு வயது இளையவன். அம்மா சாகும்போது அவனுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து அமராவதிதான் இடுப்பில் தூக்கி, சோறு ஊட்டி, உதைத்து வளர்த்தாள். வளர்ந்தவன் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். முதலில் வேலை முடிந்த பிறகு குடித்தான். அப்புறம் வேலைக்குப் போவதற்கே குடிக்க வேண்டியிருந்தது. கட்டியவள் இரண்டே வருஷத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். போனவளைக் குற்றம் சொல்ல அமராவதிக்கே மனம் வரவில்லை. எத்தனையோ தடவை அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.

அந்தச் சித்திரையில் கோட்டக்குப்பம் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டபோது பக்கிரி மாட்டிக்கொண்டான். மடியில் வைத்திருந்த காய்கறிப் பைக்குள், எல்லை தாண்டி எடுத்து வரக் கூடாத பாண்டிச் சரக்கு, இருபத்திரண்டு பாட்டில். அவனுடையது இல்லை. ஊரில் வீட்டுக்குப் பின்னால் வைத்து விற்கும் சின்னப்பாப்பாவுடையது. சுமந்து வந்து கொடுத்தால் அவனுக்கு ஒரு பாட்டில் கூலி. இது இரண்டாவது கேஸ். முதல் தடவை அபராதத்தோடு போயிற்று. இந்தத் தடவை நிச்சயம் ஜெயில் என்று ஊரே சொன்னது.

அமராவதி நேரே சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று இரண்டு கை மண்ணை வாரித் தூற்றினாள். “என் தம்பி குடியைக் கெடுத்தவளே, உன் வீடு வெளங்குமா!” என்று கத்தினாள். மண்ணை வாரித் தூற்றிய பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. ஜென்மத்துக்கும் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று அமராவதி நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் சிவஞானம் உப்பு லாரி டிரைவர். நல்ல மனுஷன், ஆனால் அவனுக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. “உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும். மூணு மாசம் உள்ள போயிட்டு வரட்டும் வுடு. உனக்கும் நிம்மதி.”

“உள்ள போனா செத்துப்பூடுவான்யா. மூணு மாசம் கழிச்சு எவன்யா திரும்பி வர்றது?”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ‘நிம்மதி’ என்ற வார்த்தை அவளுக்கும் ஒரு நிமிஷம் இனிக்கத்தான் செய்தது. அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்போடுதான் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனாள்.

பக்கிரி குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிபதி எழுதத் தொடங்கும்போது, பின் வரிசையிலிருந்து அமராவதி எழுந்து, “ஐயா, அவன் யாவாரி இல்லீங்க, சீக்காளிங்க!” என்று உப்பளத்தில் கூப்பிடும் குரலில் சொன்னாள். டவாலி பதறிப் போய் அடக்கினான். நீதிபதி அவளை முன்னால் வரச் சொல்லிக் கேட்டார். கடைசியில் ஒரு வழி விட்டார். வருகிற திங்கள்கிழமை பதினோரு மணிக்குள் பக்கிரி குடி மறுவாழ்வு மையத்தில் சேர வேண்டும். நன்னடத்தை அலுவலர் கௌதமன் நேரில் இருந்து பார்த்து எழுதித் தர வேண்டும். சனிக்கிழமையிலிருந்தே அவன் ஒரு சொட்டு தொடக்கூடாது. இதில் எது தவறினாலும் மூன்று மாதம் சிறை.

மையம் திண்டிவனத்துக்கு வெளியே இருந்தது. வியாழக்கிழமையே போய் அமராவதி படுக்கைக்குச் சொல்லிவைத்தாள். அங்கே நர்ஸ் மேரிசெல்வி சொன்னது அவளுக்கு விளங்கவில்லை.

“அக்கா, திடீர்னு நிறுத்திடாதீங்க. தெனம் குடிச்ச ஒடம்பு தாங்காது. வலிப்பு வந்தா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு, காலையில ரெண்டு வெரல் அளவு தண்ணி கலந்து குடுத்தாவது கூட்டிட்டு வந்துடுங்க.”

குடிகாரனைக் குடிக்க வைத்துக் கூட்டி வா என்கிறாளே, இது என்ன ஆஸ்பத்திரி என்று அமராவதிக்குத் தோன்றியது. ஜட்ஜ் ஐயா ஒரு சொட்டு கூடாது என்கிறார். நர்ஸ் இரண்டு விரல் என்கிறாள். யார் பெரியவர்? ஜட்ஜ்தான் பெரியவர். அவருக்கும் மேலே யார்? ஆத்தாதான். சனிக்கிழமை காலையில் பக்கிரியைத் தலைக்குக் குளிப்பாட்டி, ஊர் எல்லை அங்காளம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

அந்தப் பக்கத்தில் குடியை விட வேண்டுமென்றால் கயிறு கட்டுவார்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டுவார். கட்டிக்கொண்டு குடித்தால் ஆத்தா கண்ணைப் பறித்துவிடுவாள். பக்கிரி சத்தியம் செய்தான். இந்தத் தடவை மனசாரத்தான் செய்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கை நடுங்கியது. சோற்றுத் தட்டைப் பிடிக்க முடியவில்லை. வேர்த்து ஊற்றியது, வாந்தி எடுத்தான். “வெஷம் எறங்குது” என்று அமராவதி சந்தோஷப்பட்டாள். திங்கள் விடியற்காலையில் அவன் சுவரோடு ஒண்டிக்கொண்டு, உடம்பில் எறும்பு ஊறுகிறது என்று தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து, “அம்மா வந்துட்டியா?” என்றான். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்த கதை. அப்போதுதான் நர்ஸ் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

“யோவ், இவனைப் புடிச்சுக்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வையி” என்று சிவஞானத்திடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

மணி ஐந்து. ஒயின் ஷாப் திறக்கப் பத்து மணி ஆகும். அந்த நேரத்தில் ஊரில் சரக்கு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். எந்த வாசலில் மண்ணைத் தூற்றினாளோ அந்தக் கதவைத் தட்டினாள்.

சின்னப்பாப்பா கொண்டையை முடிந்தபடி வந்து நின்றாள். “என்னாடி, மண்ணு பத்தலியா?”

அமராவதி கையை நீட்டினாள். “ஒரு பாட்டில் குடு. பக்கிரி சாவக் கெடக்கிறான்.”

“கயிறு கட்டிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே?”

“தப்புதான். குடு. என்னா வேணா பேசிக்க, குடுத்துட்டுப் பேசு.”

சின்னப்பாப்பா விளக்கைப் போட்டாள். உள்ளே போனாள். ஒரு குவார்ட்டரைக் கொண்டு வந்து கையில் திணித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அமராவதிக்கு.

டம்ளரில் இரண்டு விரல் ஊற்றித் தண்ணீர் கலந்து வாயருகே கொண்டு போனால், பக்கிரி பல்லைக் கடித்துக்கொண்டான். பத்து வருஷமாகக் குடிக்காதே என்று அவள் கெஞ்சியபோதெல்லாம் குடித்தவன், குடிடா என்று கெஞ்சும்போது மாட்டேன் என்கிறான்.

“கயிறு இருக்குக்கா… ஆத்தா கண்ணைப் புடுங்கிடும்…”

அவள் அரிவாள்மணையை இழுத்து, அவன் மணிக்கட்டில் இருந்த கயிற்றை அறுத்தாள். அவசரத்தில் அவன் தோலிலும் ஒரு கீறல் விழுந்தது. “இந்தா, அறுத்துட்டேன். பாவம் எனக்கு. கண்ணை எடுக்கணும்னா என் கண்ணை எடுக்கட்டும். குடிடா என் சாமி.” குடித்தான். கால்மணி நேரத்தில் நடுக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டோமே என்பது அப்போதுதான் உறைத்தது.

சிவஞானம் சட்டையை மாட்டினான். பக்கிரியைத் தூக்கிக்கொண்டு வந்து திண்டிவனம் பஸ்ஸில் உட்கார வைத்தான். லோடு இருந்ததால் அவனால் கூட வர முடியவில்லை. பஸ் முழுக்க நாற்றம். பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பக்கிரிக்கு மறுபடியும் கை உதறத் தொடங்கியது. மூத்திரச் சந்தில் அவனை நிறுத்தி, முந்தானையால் மறைத்து, இன்னொரு இரண்டு விரல் கொடுத்தாள். எதிரே ஒரு போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி நடக்கும் வரை அவள் முந்தானையை இறக்கவில்லை.

மையத்துக்குள் நுழையும்போது மணி பத்து நாற்பது. கௌதமன் ஃபைலோடு காத்திருந்தார். சின்ன வயசுதான், ஆனால் முகத்தில் சிரிப்பு கிடையாது. மேரிசெல்வி பக்கிரியை நாற்காலியில் உட்கார வைத்து, நாடி பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“கடைசியா எப்ப குடிச்சார்? எவ்ளோ?”

அமராவதி கௌதமனைப் பார்த்தாள். அவர் பேனா காகிதத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டான் என்று சொன்னால் போதும். கண்டிஷன் காப்பாற்றப்படும், ஜெயில் இல்லை.

“சரியா சொல்லுங்கக்கா. இதை வச்சுத்தான் டாக்டர் மருந்து எழுதுவாங்க. கூடக் கொறைய ஆனா மூச்சு நின்னுடும்.”

அமராவதி கண்ணை மூடித் திறந்தாள். “சனிக்கெழமை காலையில கயிறு கட்டி நிறுத்திட்டேன். இன்னிக்கு எறும்பு ஊறுதுன்னான். அஞ்சரைக்கு ரெண்டு வெரலு. ஒம்போதே காலுக்கு ரெண்டு வெரலு. நான்தான் ஊத்துனேன்.” பையிலிருந்து மிச்சப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கௌதமன் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். “இது பாண்டி பாட்டில்ம்மா. இதை வச்சிருந்ததுக்குத்தான் உங்க தம்பி மேல கேஸு. இதுக்கு உங்க மேலயும் போடலாம், தெரியுமா?”

“போடுங்க சார். அவனுக்கு மருந்து போட்டதுக்கு அப்பறம் போடுங்க.”

அதுவரை தலையைத் தொங்கப் போட்டிருந்த பக்கிரி நிமிர்ந்தான். நாக்கு குழறியது.

“சார், அது என்னுது சார். நானே திருடிக் குடிச்சேன். அக்கா பையில ஒளிச்சு வச்சேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னை ஜெயிலுக்கு அனுப்பிடுங்க சார். அவளை வுட்டுடுங்க.”

அமராவதி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பொய் சொல்றான் சார்! வாயத் தொறந்தா பொய்யி!” என்றாள். பத்து வருஷமாக அவன் சொன்ன பொய்யெல்லாம் ஒரு கிளாசுக்காகச் சொன்னவை. இது அப்படி இல்லை.

கௌதமன் பேனாவைக் கீழே வைத்தார். மேரிசெல்வியிடம் திரும்பினார். “திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?”

“வியாழக்கிழமையே சொன்னேன் சார். வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதான். இன்னிக்கு இவங்க குடுக்காம இருந்திருந்தா, இந்த மனுஷன் பஸ்ஸுலேயே போயிருப்பாரு.”

அவர் எழுந்தார். பாட்டிலை எடுத்துப் போய் வாஷ்பேசினில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். நோயாளி பத்து நாற்பதுக்கு வந்து சேர்ந்தார். மைய நர்ஸின் ஆலோசனைப்படி அளவாகக் கொடுத்து, அக்கா பத்திரமாக அழைத்து வந்தார். கீழே கையெழுத்துப் போட்டார். “ஜட்ஜ் ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்ம்மா, யார் மேலயும் கேஸு வராது” என்றார்.

மேரிசெல்வி பக்கிரியைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். அவன் வார்டு வாசல் வரை போய் நின்றுவிட்டான்.

“அக்கா, ஜெயில் இல்லியா?”

“இல்லடா.”

“உனக்கு?”

“எனக்கும் இல்லடா, போடா” என்றவள், அந்த வராண்டாவிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, ரோடு வரைக்கும் கேட்கும்படி அழுதாள்.