பேத்தி கேட்கப்போகும் கேள்வி

என் பேத்திக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். இரண்டு முறை மதுரையில் குணமாகித் திரும்பினாள். மூன்றாம் முறை வந்தபோது, இனி மருந்து அவளை வதைக்குமே தவிர குணமாக்காது, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோம்பைக்குக் கூட்டி வந்துவிட்டோம். செவ்வாயும் வெள்ளியும் உத்தமபாளையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா ஸ்கூட்டரில் வருவார்.

வாய்ப்புண்ணைப் பஞ்சால் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, வலி ஏறுவதற்கு முன்பே மருந்தைக் கொடுப்பது எல்லாம் முதல் நாளே சொல்லித் தந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

"பிள்ளை கேட்டா பொய் சொல்லாதீக. கேக்காததையும் சொல்லாதீக. நீ என்ன நினைக்கிறன்னு திருப்பிக் கேளுங்க."

"என்ன கேப்பா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"உங்ககிட்டதான் கேக்கும்னு தோணுது ஐயா."

அன்று முதல் அவளோடு தனியாக இருப்பதைத் தவிர்த்தேன். அவள் அம்மா, என் மருமகள், குளிக்கப் போனால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் நாலு முறை வாங்கினேன். மருமகள் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, "மாமா, டீக்கடை போடப் போறீகளா?" என்றாள். அவள் சிரித்தே நாளாகியிருந்தது. அதனால் நானும் சிரித்து வைத்தேன்.

தேவதானப்பட்டி, கடமலைக்குண்டு என்று உறவெல்லாம் பார்க்க வந்தது. கையில் ஹார்லிக்ஸ், பிரட், ஆப்பிள். நான் வாசலில் நின்று செருப்புகளை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் உள்ளே போக வேண்டியதில்லை. உள்ளே யாராவது அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அவள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள்.

போன வெள்ளிக்கிழமை மருமகள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நர்ஸம்மா கட்டிலருகில் உட்கார்ந்து, "ஐயா, இந்தக் கிண்ணத்தைப் பிடிங்க" என்றார். மாட்டிக்கொண்டேன். அவர் வாயைத் துடைத்து முடித்ததும் பேத்தி என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, நேத்து எத்தன பேரு வந்தாக?"

"பதினொண்ணு."

"முந்தாநாளு ஏழு. மேலத்தெருத் தாத்தா செத்தாகள்ல, அதுக்கு முன்னாடியும் இப்பிடித்தான் எல்லாரும் ஹார்லிக்ஸோட வந்தாக. அவுகளால குடிக்கவே முடியல."

கிண்ணத்துத் தண்ணீர் என் வேட்டியில் சிந்தியது.

"நானும் சாகப்போறேனா தாத்தா?"

நர்ஸம்மாவைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார், அவ்வளவுதான். எழுந்து போகவில்லை.

"நீ என்ன ஆத்தா நினைக்கிற?" என்றேன்.

"ஆமான்னுதான்."

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது."

சொன்ன பிறகு, அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நர்ஸம்மா பக்கம் திரும்பினாள்.

"வலிக்குமா?"

"வலிச்சா குறைக்க மருந்து வச்சிருக்கேன் தாயி. போன் போட்டா வந்துருவேன். கடைசில ரொம்பத் தூக்கமா வரும்."

"யாரு பக்கத்துல இருப்பா?"

"யாரு வேணும் உனக்கு?"

"அம்மா. ஆனா அம்மா அழும். தாத்தாவும் வேணும். தாத்தா ஓடிப்போயிரும், பால் வாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "பயமா இருக்கு ஆத்தா" என்றேன்.

"பயமா இருந்தா இங்கனயே உக்காந்து பயப்படு."

சரி என்று தலையாட்டினேன். இன்னொன்றும் கேட்டாள். பார்க்க வருகிறவர்கள் அழுதுகொண்டு உள்ளே வரக்கூடாது. மறுநாள் அழுதுகொண்டு வந்தவர்களை வாசலிலேயே மறித்தேன். "பெரிய கலெக்டர் பங்களா, உள்ள போக பாஸ் வாங்கணுமாக்கும்" என்று என் சொந்தத் தங்கையே கத்திவிட்டுப் போனாள். கட்டிலுக்குத் திரும்பும் அவசரம் எனக்கு.

ஐந்து நாளாக இந்த நாற்காலிதான். குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. நேற்றிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. மூச்சு நின்று நின்று வருகிறது. "இனி இப்பிடித்தான் இருக்கும், பிள்ளைக்கு வலி இல்ல" என்று நர்ஸம்மா சொன்னார். நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என் கால் தானாக எழப் பார்க்கிறது. வாசல் பக்கம்தான் திரும்புகிறது.

சற்று முன் மருமகள், "மாமா, நான் இருக்கேன், போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றாள். தட்டை இங்கேயே கொண்டுவரச் சொன்னேன். அது மடியில் ஆறிக்கொண்டிருக்கிறது. பேத்தியின் சுண்டுவிரல் என் சட்டை நுனியில் மாட்டியிருக்கிறது. அதை எடுத்துவிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.