கயிறு ஆரின்ர கையில?

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. "நித்திரையாக்கிறதுதானே, சுகமான வேலை" என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நித்திரையாக்குவதில் ஒன்றுமில்லை. அந்த நித்திரையில் பிள்ளையை மூச்சு விடவைப்பதுதான் பாடு. அதற்காக, முனையில் மெத்தென்ற கிண்ணம் உள்ள ஒரு குழாயைப் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் எடுத்துத் தொண்டைக்குள் வைப்போம். அது மூச்சுக்குழாயின் வாசலில் உட்கார்ந்துகொள்ளும். மறுமுனையில் ஒரு இறப்பர் பை. பிள்ளை மூச்சு விட விடப் பை சுருங்கி விரியும். என் கண் எப்போதும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

அன்று வந்தவளுக்கு ஏழு வயது, பத்தொன்பது கிலோ, குடலிறக்கம். கொக்கிளாய்க் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் கடலட்டை பிடிக்க மூழ்கப் போய் இறந்தவர் என்று தாய் கையெழுத்துப் போடும்போது சொன்னார். நான் படிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

முகமூடியைக் கிட்டக் கொண்டுபோனதும் பிள்ளை என் கையைப் பிடித்தாள். அழவில்லை. அழுகை என்றால் எனக்குப் பழக்கம்.

"அன்ரி, கீழ போனாப் பிறகு காத்து முடிஞ்சால்?"

"முடியாது குஞ்சு. நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

"பாத்தாத் தெரியாது. கயிறு ஆரின்ர கையில?"

மூழ்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, படகில் ஒருவர் மறுமுனையைப் பிடித்திருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் பண்டேஜ் துணியில் ஒரு நாடா கிழித்து, ஒரு முனையை அவளுடைய கைப் பெருவிரலிலும் மற்றதை என் இடது மணிக்கட்டிலும் கட்டினேன். அதன் பிறகுதான் முகமூடிக்குள் மூச்சை இழுத்தாள். மூடும்வரைக்கும் அவள் கண் நாடாவில் இருந்தது.

குழாய் முதல் தரத்திலேயே சரியாக உட்கார்ந்தது. சத்திரசிகிச்சை தொடங்கியது. பத்து நிமிடம் போயிருக்கும். அடுத்த மருந்தை ஊசியில் இழுப்பதற்காகத் திரும்பி நின்றேன்.

மணிக்கட்டு இழுபட்டது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம், அழுத்தமாக.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை அசையாமல் கிடந்தாள், விரல்கள்கூடத் தளர்ந்திருந்தன. திரையில் ஒட்சிசன் தொண்ணூற்றொன்பது. ஒரு மணியும் அடிக்கவில்லை. ஆனால் பை நின்றுவிட்டிருந்தது. அமுக்கினேன், கல்லுப்போல இருந்தது. மூச்சுக்குழாயின் வாசல் இறுகிப் பூட்டிக்கொண்டுவிட்டது. "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தவர் கையைத் தூக்கினார். மருந்தைக் கூட்டினேன், தாடையைத் தூக்கினேன், ஒட்சிசனை அழுத்திக்கொண்டே இருந்தேன். எண் இறங்கத் தொடங்கியது. எண்பது. எழுபத்திரண்டு. உதடு நீலம் பாய்ந்தது. பிறகு பை மெல்ல விட்டுக்கொடுத்தது.

மயக்கத்தின் ஆழம் குறைந்தால் தொண்டை இறுகும், கையும் அசையும். இது நானே பலருக்குப் படிப்பித்த பாடம். ஆனால் அசைவு வேறு, இழுப்பு வேறு. அன்று முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மணிக்கட்டை எத்தனையோ தரம் கழுவினேன்.

பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்ட பிறகு, தாயிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நாடாவைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"எத்தினை தரம் இழுத்தவள்?"

"ரெண்டு."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு எண்டால் தூக்கச் சொல்லி, டொக்டர். தகப்பன் சொல்லிக் குடுத்தது. அந்த மனுசன் எத்தினை தரம் இழுத்துதோ தெரியாது. படகில நிண்டவன் கயிறை விட்டிட்டான். நீங்கள் விடேல்லை."

என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையைக் கொடுத்தபடி நின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை மயங்கிய உடனேயே, வேலைக்கு இடைஞ்சல் என்று நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டவள் நான். சிஸ்டர் கொண்டுவந்தது மொட்டையாக இருந்தது. பிறகு வெட்டுவோம் என்று விட்டேன்.